நாயின் பயமும் நிபந்தனைத் தெறிவினையும்

மாணவர்களே! தம்பலகாமத்தில் தீபாவளி வரும் காலமும் இடைப்பருவ இடிமழைக் காலமும் ஒன்றே. வானில் இடி, வாசலில் சீனவெடி. அப்போது உங்கள் வீட்டு நாய் நடுங்கி, கட்டிலின் கீழ் ஒளிப்பது ஏன்?

மனிதர் ஏறத்தாழ 20,000 ஹேட்சு மீடிறன் வரையும் நாய் ஏறத்தாழ 45,000 ஹேட்சு வரையும் கேட்கும். எமக்குக் கேட்காத மெல்லிய ஒலியும் அதற்குக் கேட்கும். திடீர் வெடியோசையால் அதிரினலின் சுரந்து இதயத்துடிப்பு அதிகரிக்கும். இது கீழ்ப்படியாமையன்று. அடித்தால் ஓசையுடன் வலியும் சேர்ந்து பயம் கூடும்.

செய்ய வேண்டியவை:

1. வெடி கொளுத்த முன்னர் நாயை உள்ளறையில் விட்டு யன்னல்களை மூடுங்கள். வெளியே கட்டிவைத்தால் அறுத்துக்கொண்டு ஓடி வாகனத்தில் அகப்படலாம்.

2. அருகில் வந்தால் தடவிக்கொடுங்கள். அதனால் பயம் வளராது.

3. அமைதியான நாட்களில், பதிவுசெய்த வெடியோசையை மிகக் குறைவாக ஒலிக்கவிட்டு, உடனே விருப்பமான உணவு கொடுங்கள். பயமின்றி உண்டால் மட்டும் நாளடைவில் ஒலியைச் சிறிது கூட்டுங்கள்.

ஒலி கேட்டதும் உமிழ்நீர் சுரந்த பவ்லோவின் நாய்களை நினைவுகூருங்கள். இங்கும் ஓசை உணவுடன் இணைவதால் பயம் தணிகிறது.

வினா: பயந்த நாயை அடிக்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் தருக. (2 புள்ளிகள்)