மேகமலை செல்வோருக்குச் சில குறிப்புகள்

பழனிசெட்டிபட்டியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர் வழியாகச் சென்றடையும் மேகமலை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் சூழ அமைந்த அமைதியான மலையூராகும்.

● நேரம்: தென்பழனியிலுள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றில் ஏற வேண்டியிருப்பதால், காலையிலேயே புறப்பட்டு, இருட்டுவதற்குள் மலையிறங்கிவிடுவது நல்லது.

● ஆயத்தம்: வண்டிக்குத் தேவையான எரிபொருளைச் சின்னமனூரிலேயே நிரப்பிக்கொண்டு, குளிருக்குக் கம்பளி ஆடையும், மழைக்காலமாயின் ஈரப்புல்லிலிருந்து காலில் ஏறி இரத்தம் உறிஞ்சும் அட்டைகளை உதிர்க்கச் சிறிது உப்புப் பொடியும் எடுத்துச் செல்ல வேண்டும்.

● காட்டொழுக்கம்: இப்பகுதி, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தை, அதாவது புலியும் அதன் வாழிடமும் சட்டத்தால் காக்கப்படும் வனத்தை, ஒட்டியிருப்பதால், நெகிழிப் பைகளை அறவே தவிர்ப்பதோடு, யானை எதிர்ப்பட்டால் ஒலிப்பானை அழுத்தாமல் தொலைவிலேயே வண்டியை நிறுத்தி, அது விலகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.