எதை அசைபோடுகிறீர்கள்?

இந்த மாதம் ஒரு ஆங்கில வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வேதபாடத்துக்குள் போவோம். "ரூமினேட்" என்பது அந்த வார்த்தை. ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்ப ஆழமாக யோசிப்பது என்று அகராதியில் அர்த்தம் போட்டிருக்கும். ஆனால் அது பிறந்த இடம் மாட்டுத் தொழுவம்!

1. வார்த்தையின் பொருள்

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையின் பெயர் "ரூமென்". அந்த லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான் ரூமினேட். மாடு மேயும்போது புல்லை அரைகுறையாய் மென்று விழுங்கிவிடும். பிறகு நிழலில் படுத்துக்கொண்டு, விழுங்கினதை வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாய் மெல்லும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7, 8 மணி நேரம் இப்படியே போகும். நம்ம தமிழில் இதற்கு அழகான வார்த்தை இருக்கிறது: அசைபோடுதல். மாடு அசைபோடவில்லை என்றால் அதற்கு என்னவோ சுகமில்லை என்று மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். வசனத்தை விழுங்கிவிட்டு அசைபோடாத விசுவாசியும் அப்படித்தான்.

2. வேதத்தில் இந்தக் கருத்து

சங்கீதம் 1:2-லும் யோசுவா 1:8-லும் "தியானம்" என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயுவில் "ஹாகா" என்ற சொல் இருக்கிறது. வாய்க்குள் முணுமுணுப்பது என்று அர்த்தம். இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் (ஏசாயா 31:4), புறா புலம்புவதற்கும் (ஏசாயா 38:14) இதே சொல்தான். அப்படியானால் தியானம் என்பது கண்ணை மூடிச் சும்மா உட்காருவது அல்ல, வசனத்தை வாயில் வைத்து மெல்லுவது.

கவனியுங்கள்! சங்கீதம் 2:1-ல் ஜனங்கள் வீணான காரியத்தைச் சிந்திக்கிறார்கள். அங்கேயும் "ஹாகா"தான். மெல்லுகிற வாய் ஒன்றே. வாய்க்குள் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

3. இரண்டுவிதமான அசைபோடுதல்

மனநல நிபுணர்கள் இந்த ஆங்கில வார்த்தையை இன்னொரு அர்த்தத்திலும் பயன்படுத்துகிறார்கள். கவலையையும் காயத்தையும் விடாமல் நினைத்துக்கொண்டே இருப்பது அது. இப்படி நினைக்கிறவர்களுக்கு மனச்சோர்வு சீக்கிரம் விலகுவதில்லை என்று சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1991-ல் எழுதினார்.

என் சாட்சியையே சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சகோதரர் பத்துப் பேர் முன்னால் என்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மூன்று மாதம் எனக்குத் தூக்கமில்லை. அவர் சொன்னதையும், நான் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டியதையும் ராத்திரியெல்லாம் மென்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் என்னவோ சங்கீதம் ஒன்றுதான்! ஒரு ராத்திரி என் மனைவி, "ஏங்க, அதையே எத்தனை தடவை மெல்லுவீங்க? அதுல சத்து ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை உடைத்தது.

4. என்ன செய்யலாம்?

சங்கீதம் 77-ல் ஆசாப்பும் தூக்கமில்லாமல், கர்த்தர் தள்ளிவிட்டாரோ என்று புலம்புகிறான். ஆனால் 11, 12-ம் வசனங்களில் கர்த்தருடைய கிரியைகளை நினைக்கத் தொடங்குகிறான். பிரச்சினை மாறினதாக அங்கே எழுதவில்லை, மெல்லுகிற இரைதான் மாறியது.

காலையில் ஒரே ஒரு வசனம் எடுங்கள். பஸ்ஸிலும் அடுப்படியிலும் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய காயம் மேலே வரும்போது, "இது எனக்கு ஆகாரம் அல்ல" என்று துப்பிவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். ஒரே நாளில் வராது, எனக்கும் வரவில்லை. தூக்கமும் சாப்பாடும் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால், ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல.

இன்று ராத்திரி படுக்கும்போது உங்கள் வாயில் என்ன இருக்கும்? யோசித்துப் பாருங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.