புலி நுளம்பா, அதன் சாயலில் வேறொன்றா? நிழற்படத்தின் துணையுடன் இனங்காணல்

கால்களில் வெள்ளை வளையங்களுடைய நுளம்பைத் தோட்டத்திலோ பலகணியிலோ காண்போர், அதனைப் புலி நுளம்பெனக் கருதிக் கலங்குவது இயல்பே. சுவிற்சர்லாந்தில் 2003 ஆம் ஆண்டு திச்சினோ மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இவ்வினம், பின்னர் அல்ப்ஸ் மலைகளுக்கு வடக்கே பாசல் பகுதியிலும் நிலைகொண்டது. டெங்கு, சிக்குன்குனியா வைரசுக்களைக் கடத்தவல்லது. எனினும் கால் வளையம் மட்டும் போதிய சான்றன்று.

அவ்வளையங்கள் வேறு இரு இனங்களுக்கும் உண்டு. 2008 இல் அயல் மாநிலமான ஆர்காவில் அறியப்பட்ட ஜப்பானியப் புதர் நுளம்பு அவற்றுள் ஒன்று. அதன் முதுகில் பொன்னிறக் கோடுகள் பல காணப்படும். புலி நுளம்பின் கரிய முதுகிலோ, தலையிலிருந்து நடுவே ஓடும் ஒரேயொரு வெள்ளைக் கோடுதான். பின்னங்கால்களையும் நோக்குக: புலி நுளம்பின் கால் நுனி முற்றிலும் வெள்ளை, புதர் நுளம்பினது கருமை. மற்றையது நம் நாட்டுக்குரிய பெரிய வளைய நுளம்பு. பழுப்பு நிறமும் சிறகுகளில் கரும்புள்ளிகளும் உடையது. இதன் பெண் நுளம்புகள் நிலவறைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். புலி நுளம்போ இங்கு முட்டையாகவே குளிரைக் கடக்கும். ஆகவே சனவரியில் நிலவறையில் காண்பது பெரும்பாலும் வளைய நுளம்பே.

இலங்கையிலிருந்து வந்தோர் ஒன்றை மனங்கொள்ளல் நன்று. அங்கு டெங்கைப் பரப்பும் முதன்மை நுளம்பின் முதுகில் யாழ் வடிவில் வெள்ளைக் கோடுகள் அமைந்திருக்கும். அவ்வுருவத்தை நினைவிற் கொண்டு நோக்கினால் புதர் நுளம்பே ஐயத்துக்குள்ளாகும். உண்மையான புலி நுளம்பு தப்பிவிடும்.

படமெடுக்கையில் முதுகு தெரிய மேலிருந்து ஒன்றும், பின்னங்கால் தெரியப் பக்கவாட்டில் ஒன்றும் எடுக்கவும். அருகில் 5 ராப்பன் நாணயமொன்றை வைத்தால் அளவு விளங்கும். நாணயத்தின் குறுக்களவு ஏறத்தாழ 17 மில்லிமீற்றர், புலி நுளம்பின் உடல் 5 முதல் 10 மில்லிமீற்றர். மின்னொளியில் பொன்னிறம் வெண்மையாகத் தோன்றக்கூடுமாதலால் பகலொளியே சிறந்தது. கையால் அடித்து நசுக்கிய நுளம்பில் செதில்கள் உதிர்ந்து கோடுகள் அழிந்துவிடும். குவளையால் மூடிப் பிடித்து, ஓரிரவு உறைபெட்டியில் வைத்தபின் படமெடுக்கலாம். உடலைத் தீப்பெட்டியொன்றில் பேணி வைக்கவும். படம் தெளிவற்றதாயின் நிபுணர்கள் அதனைக் கேட்கக்கூடும். படங்களைச் சுவிஸ் நுளம்பு வலையமைப்பின் இணையப் படிவம் வாயிலாக, கண்ட இடத்தையும் நாளையும் குறித்து அனுப்பிவைக்கவும்.

முடிவுக்குக் காத்திராமல், பூச்சாடித் தட்டு, வாளி ஆகியவற்றில் தேங்கிய நீரை வாரந்தோறும் வெளியேற்றுக. மழைநீர்ப் பீப்பாயை இடைவெளியின்றி வலையால் மூடுக. வெப்ப நாடுகளுக்குச் சென்று திரும்பி இரு வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், பயண விவரத்தை மருத்துவரிடம் முதலிலேயே கூறி, பகலிலும் நுளம்புக்கடிக்கு உட்படாதிருக்கவும்.