கையெழுத்துப் போட்ட பிறகு

இருபத்திரண்டு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். ரகசியத்தைக் காசுக்கு விற்ற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கவனக்குறைவாக வெளியே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் நல்ல பிள்ளைகள். அதனால்தான் புதிதாக வரும் உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

1. என்.டி.ஏ.வை, அதாவது ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சேரும் நாளில் பி.எஃப். படிவத்தோடு சேர்த்து நீட்டி, "இங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். எதையெல்லாம் ரகசியம் என்கிறது, எத்தனை வருடத்துக்கு, வேலையை விட்ட பிறகும் கட்டுப்படுத்துமா என்று பாருங்கள். சில ஒப்பந்தங்களில், அந்த ஆப்பை நீங்கள் டெஸ்ட் செய்கிறீர்கள் என்பதே ரகசியம். பிரதி ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2. உங்கள் சீட்டில் போட்டோ எடுக்காதீர்கள். என் டீமில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். கேக், மெழுகுவர்த்தி, சுற்றிலும் சிரித்த முகங்கள். அவள் தோளுக்குப் பின்னால் மானிட்டரில், வெளிவராத ஆப்பின் லாகின் திரை. கீழ் மூலையில் பில்ட் எண். படம் இன்ஸ்டாகிராமில் ஏறிய மறுநாளே கிளையண்ட் கண்டுபிடித்துவிட்டார். மூன்று வாரம் எங்களுக்குப் புது பில்ட் வரவில்லை. அவள் சாப்பிடாமல் அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. லீடாக இருந்த நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

3. டெஸ்ட் போனை வெளியே கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் பையிலிருந்து எடுக்காதீர்கள். 2010 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில், ஆப்பிள் பொறியாளர் ஒருவர் மதுக்கூடத்தில் ஒரு போனைத் தவறவிட்டார். பழைய 3ஜிஎஸ் போலத் தெரிய உறை போட்டிருந்த ஐபோன் 4 அது. ஓர் இணையதளம் 5,000 டாலர் கொடுத்து வாங்கி, ஏப்ரலில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியது. ஆப்பிள் அதை அறிமுகப்படுத்தியது ஜூனில்தான்.

4. எரர் லாகை சாட்ஜிபிடியில் ஒட்டி விளக்கம் கேட்பது இப்போது எல்லாருக்கும் பழக்கம். 2023-இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் சோர்ஸ் கோடை அப்படி ஒட்டியது தெரியவந்து, அங்கே அத்தகைய கருவிகளுக்கே தடை வந்தது. உங்கள் நிறுவனம் அனுமதித்த கருவி எது என்று முதலில் கேளுங்கள்.

5. வீட்டில் கேட்டால், "ஒரு பேங்க் ஆப் டெஸ்ட் பண்றேன்மா" என்ற அளவில் நிறுத்துங்கள். அம்மாவுக்கு அது போதும்.

6. அடுத்த வேலைக்கான இன்டர்வியூவில் பழைய கிளையண்டின் பக்குகளைக் கதையாகச் சொல்லாதீர்கள். எப்படித் தேடினீர்கள் என்று சொல்லுங்கள்; எங்கே கிடைத்தது என்பது வேண்டாம். நான் ஆள் எடுக்கும்போது, அப்படிக் கொட்டியவர்களை எடுத்ததில்லை.

7. ரிலீஸ் ஆகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆப் ஊரறிந்ததாகிவிடும், சரிசெய்யாமல் விட்ட பக்குகளின் பட்டியல் அப்போதும் ரகசியம்தான்.

8. ஒரு பக் பயனரின் பணத்துக்கோ உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், என்.டி.ஏ.வைக் காட்டி உங்களை நீங்களே அடக்கிக்கொள்ளாதீர்கள். லீடிடமும் அவருக்கு மேலுள்ளவர்களிடமும் பேச அது தடையில்லை. வாய்மொழியாக வேண்டாம், மெயிலில், தேதியோடு. பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புங்கள். அப்போதும் அசையாவிட்டால், வாங்கி வைத்த பிரதியோடு ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.