எக்ஸ்எம்எல் நூலுக்கு எந்தக் கருவி?

கேள்வி: எங்கள் பதிப்பக நூல்கள் டாக்புக் எக்ஸ்எம்எல்லில் உள்ளன. இவற்றை எச்டிஎம்எல், இபப் வடிவங்களுக்கு மாற்ற எது ஏற்றது?

பதில்: முதலில் பேண்டாக் என்ற வடிவமாற்றுக் கருவியை ஓட்டிப் பாருங்கள், டாக்புக்கை அது நேரடியாகப் படிக்கும். நீங்களாகச் சேர்த்த குறிச்சொற்கள் இருந்தால் அவை அதற்குப் புரியாது. அப்போது எக்ஸ்எம்எல்லை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழிதான் வழி.

அதிலும் பதிப்பைக் கவனியுங்கள். அந்த மொழியை இயக்க லினக்ஸில் கிடைக்கும் எக்ஸ்எஸ்எல்டிபிராக் வேகமானது. ஆனால் 1999-இல் வந்த 1.0 பதிப்போடு நின்றுவிட்டது. சொல்லடைவை எழுத்துவாரியாகத் தொகுக்கச் சொன்னால் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும். அதே வேலையைச் செய்யும் சாக்ஸனின் இலவசப் பதிப்புக்கு 3.0 தெரியும், தொகுப்பதற்கென்றே அதில் தனிக் கட்டளை உண்டு. என் ஓட்டு அதற்கே.

பைத்தானில் எழுதிவிடலாமே என்பார் உங்கள் நிரலாளர். விலைப்பட்டியலுக்குச் சரி, வரிக்கு வரி சாய்வெழுத்தும் அடிக்குறிப்பும் கலந்த நூலுக்கு வேண்டாம்.