எதை நாமே செய்யலாம், எதைப் பட்டறைக்கு விடவேண்டும்?

கேள்வி: ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது தாமான் குடியிருப்பில் வசிக்கிறோம். தினமும் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டாரில் ஆயர் கெரோவில் உள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறேன். குடும்பத்துக்கு ஒரு பழைய மைவி கார் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு பட்டறைக்கே போய்விடுகிறது. மின்யாக் ஹித்தாம் (என்ஜின் எண்ணெய்) மாற்றுவது முதல் பிரேக் வேலை வரை எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம் என்கிறார்கள் நண்பர்கள். கைப்பேசியில் காணொளிகளும் ஏராளம். என் மனைவிக்குத்தான் பயம். உண்மையிலேயே காசு மிச்சமாகுமா? எதை நானே செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

– வாசகர், ஜாசின்

பதில்: தம்பி, காசு மிச்சமாகும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல.

எண்ணெய் மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மோட்டார் கடைகளில் எண்ணெயை அங்கேயே வாங்கினால், மாற்றித் தருவதற்குப் பெரும்பாலும் தனிக் கூலி கேட்பதில்லை. வீட்டில் மாற்றினால் மிஞ்சுவது சில வெள்ளிதான். பெரிய பணம் போவது வேறு வழியில். எண்ணெய் குறைந்தது தெரியாமல் ஓட்டி என்ஜின் தேய்வது, காய்ந்த செயின் ஸ்ப்ராகெட்டையும் சேர்த்துத் தின்பது, காற்று குறைந்த டயர் பாதி ஆயுளில் போவது ஆகியவைதான் சம்பளத்தைக் கரைக்கின்றன. இவற்றைத் தடுக்கப் பெரிய தொழில் ஞானம் தேவையில்லை. வாரம் ஒருமுறை வண்டியை உட்கார்ந்து பார்த்தால் போதும்.

எந்த வேலையைத் தொடுமுன்னும் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் நான் தவறு செய்தால் என்ன ஆகும்? வண்டி கிளம்பாது என்றால் தாராளமாகக் கை வையுங்கள். வண்டி நிற்காது, அல்லது என்மேல் விழும் என்றால் பட்டறைக்கு விடுங்கள். ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் போகும்போது பிரேக் பிடிக்கவில்லையென்றால், மிச்சம் பிடித்த காசு எதற்கும் உதவாது.

இஎக்ஸ்5-இல் நீங்கள் செய்யக்கூடியவை: முதலில் எண்ணெய் அளவு. சமதரையில் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டுப் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கவேண்டும். நீங்களே மாற்றுவதானால், இந்த என்ஜின் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். புட்டி முழுவதையும் கவிழ்க்காதீர்கள். புட்டியில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இஎக்ஸ்5 போன்ற கப்சாய் வண்டியில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் நனைந்து ஓடுகிறது. காருக்கு மிஞ்சிய எண்ணெயை ஊற்றினால், அதில் சேர்த்திருக்கும் வழுக்குப் பொருளால் கிளட்ச் வழுக்கலாம். அடியில் உள்ள வடிகால் போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். அலுமினிய மரை பிய்ந்துவிட்டால், அதைச் சரிசெய்யும் செலவில் பலமுறை எண்ணெய் மாற்றலாம்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் போய்வருகிறவர்களுக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அது பஞ்சு வகையா, காகித வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவிப் போடலாம். காகிதத்தைக் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஸ்பார்க் பிளக்கை என்ஜின் குளிர்ந்தபிறகே கழற்றுங்கள். திரும்பப் போடும்போது முதல் சுற்றுகளை ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகுங்கள். மரை கோணலாக ஏறினால் விரலுக்கே தெரிந்துவிடும். கார்பரேட்டர் வைத்த பழைய இஎக்ஸ்5 என்றால் பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்குமுன் பாருங்கள்.

செயினுக்கு எண்ணெய் போடுவதும் தொய்வு பார்ப்பதும் உங்கள் வேலை. இறுக்குவது அப்படியல்ல. அதற்குப் பின்சக்கர நட்டைத் தளர்த்தவேண்டும். இரு பக்கக் கோடுகளும் சமமாக இல்லையென்றால் சக்கரம் கோணலாக நிற்கும். பின்பிரேக்கின் பிடிமானமும் மாறும். அதனால் முதலில் சிலமுறை உங்கள் பட்டறைப் போர்மன் பக்கத்தில் இருக்கும்போது செய்து பழகுங்கள். நல்ல போர்மன் கற்றுக்கொடுக்கத் தயங்கமாட்டார்.

மைவியில் வைப்பர், பல்பு, ஏர் ஃபில்டர், பேட்டரி ஆகியவற்றை நீங்களே மாற்றலாம். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகடிவ் முனை, மாட்டும்போது முதலில் பாசிடிவ் முனை. ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளிருந்து கொதிநீர் பீய்ச்சி முகத்தில் அடிக்கும்.

இனி உங்கள் மனைவியின் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் நியாயமானது. காரோடு வரும் ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பிக் காருக்கு அடியில் படுப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். செங்கல்லையோ சிமெண்டுக் கல்லையோ முட்டுக்கொடுப்பது அதைவிட மோசம். அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். கெட்டியான சிமெண்டுத் தரை, பாரம் தாங்கும் ஜாக் ஸ்டாண்டுகள், சக்கரத்துக்குக் கட்டை ஆகிய மூன்றும் இல்லையென்றால் காருக்கு அடியில் போகவேண்டாம். மழையில் நனைந்த மண் வாசலில் அறவே வேண்டாம். காரின் எண்ணெயை மாற்றுவது பட்டறைக்கே போகட்டும்.

பிரேக் ஷூ, பிரேக் பேட், பிரேக் எண்ணெய், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஏர்பேக் ஆகியவற்றைக் காணொளி பார்த்துத் தொடாதீர்கள். காணொளி எடுத்தவர் உங்கள் வண்டியின் துருப்பிடித்த போல்ட்டைப் பார்த்ததில்லை.

கழிவு எண்ணெயைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பயன்படுத்திய என்ஜின் எண்ணெய் அட்டவணையிடப்பட்ட கழிவு வகையைச் சேர்ந்தது. வீட்டுமுன் கால்வாயில் ஊற்றினால் அது ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகும். மூடியுள்ள கலனில் பிடித்து, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். பழைய பேட்டரியையும் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். அதைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு.

பட்டறைக்கு விடும் வேலையிலும் காசைக் காக்கலாம். என்ன மாற்றப்போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் வராதீர்கள். வேலை மோசமாக இருந்து பேசித் தீர்க்கமுடியாமல் போனால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணம் 5 வெள்ளிதான். நம்மவர்கள் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே நஷ்டத்தை விழுங்கிக்கொண்டு போகிறார்கள்.

இன்னும் ஆழமாகக் கற்க ஆசையிருந்தால், ஜாசின், மஸ்ஜித் தானா சமூகக் கல்லூரிகளில் குறுகிய காலப் பயிற்சிகள் பற்றி விசாரியுங்கள். வீட்டில் பள்ளி முடித்த பிள்ளை இருந்தால், மலேசியத் திறன் சான்றிதழ் வழியாக இதையே தொழிலாகவும் ஆக்கிக்கொள்ளலாம். தோட்டத்தில் டிராக்டர் கொட்டகையில் எடுபிடியாக நின்று தொழில் பழகியவர்கள் நம்மிடையே பலர். கையில் திறமை இருந்தும் சான்றிதழ் இல்லாததால் அவர்களுக்கு உரிய சம்பளம் கிடைக்கவில்லை. அந்த நிலை நம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது.

இந்த மாதம் பெரிய பெட்டி நிறைய சாமான் வாங்காதீர்கள். 8 முதல் 17 மில்லிமீட்டர் வரை ஸ்பேனர்கள், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு காற்றழுத்தமானி, ஒரு நோட்டு போதும். எண்ணெய் மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், மாற்றிய பாகம், கொடுத்த தொகை எல்லாவற்றையும் அந்த நோட்டில் எழுதுங்கள். உங்கள் மனைவியும் அதைப் பார்க்கட்டும். டயர் காற்றும் எண்ணெய் அளவும் பார்க்க அவரும் பழகட்டும். வண்டிக்கு எப்போது என்ன செய்தோம் என்று தெரிந்த குடும்பத்திடம் யாரும் தேவையில்லாத வேலைக்குக் காசு வாங்கமுடியாது. நீங்கள் தேடும் மிச்சம் அதில்தான் இருக்கிறது.