ஒரு சேனல் மட்டும் செத்தால் சிக்னல் மேல் பழி போடாதீர்கள்

ரிமோட் விமானத்தை மேசையில் வைத்துச் சோதிக்கும்போது எலிவேட்டர் ஏறி இறங்குகிறது, ரட்டர் இரு பக்கமும் திரும்புகிறது, அய்லரான் மட்டும் அசையாமல் கிடக்கிறது. அந்த இடத்திலேயே மூன்று தீர்ப்புகள் வந்துவிடும். பக்கத்தில் செல்போன் டவர் இருக்கிறது, சிக்னல் இடிக்கிறது என்பது ஒன்று. ரிசீவரில் அந்த சேனல் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்பது இன்னொன்று. விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் என்றால் ‘இந்த வெயிலுக்கு எதுதான் தாங்கும்’ என்பதும் சேர்ந்துகொள்ளும். முதலாவது தவறு. இரண்டாவது உண்மையாக இருப்பது அரிது. மூன்றாவதில் பாதி உண்மை உண்டு, ஆனால் சொல்கிறவர்கள் நினைக்கும் பாதி அல்ல. காரணத்தை யூகிக்கவே தேவையில்லை என்பதுதான் என் வாதம். எது வேலை செய்கிறது என்பதைக் கவனித்தாலே பழுது எங்கே இல்லை என்பது தெரிந்துவிடும்.

அலையிலிருந்து தொடங்குவோம். இன்று கடைகளில் கிடைக்கும் டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இதில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று இந்திய அரசு 2005-இல் விலக்கு அளித்தது. வைஃபையும் புளூடூத்தும் இதே வரிசையில்தான் ஓடுகின்றன. டிரான்ஸ்மிட்டர் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி அலை அனுப்புவதில்லை. எல்லாச் சேனல்களின் நிலையையும் எண்களாக்கி, ஒரே பொட்டலமாகக் கட்டி, விநாடிக்குப் பல பத்து முறை அனுப்புகிறது. வந்து சேர்ந்தது சிதையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சோதனை எண்ணும் அந்தப் பொட்டலத்திலேயே இருக்கிறது. வழியில் ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் ரிசீவர் முழுப் பொட்டலத்தையும் ஒதுக்கிவிட்டு அடுத்ததை எதிர்பார்க்கும். அய்லரானுக்குரிய எண்ணை மட்டும் தொலைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளாது. ஆகவே அலையில் குறுக்கீடு என்றால் அய்லரான், எலிவேட்டர், ரட்டர் எல்லாம் சேர்ந்தே தடுமாற வேண்டும். குறுக்கீடு நீடித்தால் ரிசீவர் முழுவதுமாக ஃபெயில்சேஃப் எனும் பாதுகாப்பு நிலைக்குப் போக வேண்டும். மற்ற சேனல்கள் ஒழுங்காக நடக்கின்றன என்பதே அலை சரியாக வந்து சேர்கிறது என்பதற்குச் சாட்சி. இதைவிட நல்ல சாட்சி எந்தக் கருவியாலும் கிடைக்காது.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள்: இந்தியாவில் 4ஜி சேவைக்கு 2300 மெகாஹெர்ட்ஸ் வரிசையும் பயன்படுகிறது, அது 2400-க்கு ஒட்டிய பக்கத்து வீடு, டவர் அருகே ரிசீவரின் காது அடைத்துப்போகாதா? போகலாம். அப்படிப் போனால் எட்டும் தூரம் குறையும். குறைகிற தூரம் எல்லாச் சேனலுக்கும் ஒரே அளவில் குறையும். இன்னொரு மறுப்பு இதைவிட நுட்பமானது. சில அமைப்புகள் சேனல்களை இரண்டு பொட்டலங்களாகப் பிரித்து மாற்றி மாற்றி அனுப்புகின்றன. சிலவற்றில் சுவிட்சுகளுக்கான சேனல்கள் ஸ்டிக்குகளுக்கானவற்றைவிட மெதுவாகப் போகின்றன. இவை உண்மைதான். ஆனாலும் அங்கே தாமதமாவது ஒரு கூட்டம் சேனல்களே தவிர, தனியாக ஒன்றல்ல. எப்படிப் பார்த்தாலும் கணக்கு மாறுவதில்லை: ஒற்றைச் சேனலின் மௌனத்துக்குக் காற்றில் காரணம் தேடக்கூடாது.

மோட்டார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பறந்துகொண்டிருக்கும்போது மோட்டார் நின்றுவிடுகிறது, பலகைகளை அசைக்கும் சர்வோக்கள் எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. மோட்டாரை இயக்கும் த்ராட்டில் சேனல் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது பழுதே அல்ல. லைப்போ பேட்டரியின் மின்னழுத்தம் ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 3 வோல்ட் அளவுக்கு இறங்கும்போது, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. அதை நிறுத்தி, மிச்சமிருக்கும் மின்சாரத்தை ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் விட்டுவைக்கிறது. விமானத்தைப் பத்திரமாக இறக்குவதற்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு அது. தரையிலேயே மோட்டார் கிளம்பவில்லை, பீப் பீப் என்று ஒலி மட்டும் வருகிறது என்றால் த்ராட்டில் ட்ரிம் மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். த்ராட்டில் அடிமட்டத்தில் இல்லாவிட்டால் ஈ.எஸ்.சி. இயங்க மறுக்கும். இந்த இரண்டு நேரத்திலும் ரிசீவர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க மிகப் பெரிய அறிவு தேவையில்லை, வரிசை தேவை. முதலில் புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள்; இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. பிறகு டிரான்ஸ்மிட்டரில் சேனல்களின் நிலையைக் கோடுகளாகக் காட்டும் திரைக்குப் போங்கள். ஸ்டிக்கை அசைக்கும்போது அந்தக் கோடு அசையவில்லை என்றால் விமானத்தைத் தொடவே வேண்டாம். ஸ்டிக்குக்குக் கீழே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கலாம், எண்ட் பாயின்ட் பூஜ்யத்தில் இருக்கலாம், வேறொரு விமானத்துக்கான மாடல் மெமரி தேர்வாகியிருக்கலாம், யாரோ போட்ட மிக்சிங் குறுக்கே நிற்கலாம். கோடு அசைகிறது, சர்வோ அசையவில்லை என்றால் இடமாற்றச் சோதனை. அசையாத சர்வோவின் வயரைப் பிடுங்கி, ரிசீவரில் வேலை செய்கிற எலிவேட்டர் பின்னில் (pin) மாட்டுங்கள். எலிவேட்டர் சர்வோவைச் சந்தேகப்பட்ட அய்லரான் பின்னில் மாட்டுங்கள். பழுது சர்வோவோடு கூடவே போனால் ரிசீவர் நிரபராதி. சர்வோவிலோ அதன் வயரிலோதான் கோளாறு. பழுது பின்னோடு தங்கிவிட்டால் அப்போது ரிசீவரைச் சந்தேகிக்கலாம். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் புது ரிசீவர் வாங்குவது பணத்தை வீணாக்குவது. அதைவிட மோசம், பழைய பழுது புது ரிசீவரோடும் அப்படியே தொடரும்.

சர்வோ பக்கம் பழுது என்று தெரிந்த பிறகும் உடனே சர்வோவைத் தூக்கிப் போட வேண்டாம். சர்வோவுக்கு வருவது மூன்று வயர்: சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு அல்லது பழுப்பு நெகட்டிவ், வெள்ளை, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் சிக்னல். சிக்னல் வயரில் விநாடிக்குச் சுமார் 50 துடிப்புகள் வருகின்றன. ஒரு துடிப்பின் நீளம் 1 மில்லி விநாடியா 2 மில்லி விநாடியா என்பதை வைத்து சர்வோ தன் கோணத்தை முடிவு செய்கிறது. கனெக்டரைத் திருப்பி மாட்டினால் பாசிட்டிவ் நடுவில் இருப்பதால் பெரும்பாலும் எதுவும் எரியாது, சர்வோவும் அசையாது. காசு செலவில்லாமல் தீரும் பழுது இது. இறக்கைக்குள் போகும் எக்ஸ்டென்ஷன் வயரின் கிரிம்ப் தளர்வு அடுத்தது. வயரை மெதுவாக வளைத்துப் பார்த்தால் சர்வோ விட்டுவிட்டுத் துடிக்கும். சர்வோ சத்தம் போடுகிறது, இறக்கைப் பலகை அசையவில்லை என்றால் 9 கிராம் சர்வோக்களின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும், அல்லது ஹார்ன் வழுக்கும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் நடுங்கினால் உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது.

வெயிலைப் பற்றிச் சொன்னேன். விருதுநகரின் 40 பாகை வெயிலில் ரிசீவரின் சில்லுகள் சாவதில்லை. ஆனால் மூடிய காருக்குள் வைத்த ஃபோம் விமானத்தில் ஹாட் குளூ இளகும், சர்வோ தன் குழியில் ஆடும், புஷ்ராட் வளையும். சேனல் போனதாகத் தோன்றும், போனது ஒட்டு. வறண்ட காற்றின் உண்மையான ஆபத்து நிலைமின்சாரம். அதை இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. மருந்து அறைக்குள் போகும் முன் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்பதெல்லாம் பட்டாசு ஆலைகள் நெடுங்காலமாக வலியுறுத்தும் பழக்கங்கள். சிந்தெடிக் சட்டையோடு வந்து ரிசீவரின் பின்னைத் தொடும் விரல் ஒரே ஒரு சிக்னல் பின்னின் உள்சுற்றை எரித்துவிட முடியும். பின்னில் உலோகத் துண்டு பட்டு ஷார்ட் ஆனாலும் அப்படித்தான். எனவே ரிசீவரின் ஒரு சேனல் சாகவே சாகாது என்று நான் சொல்லவில்லை. சாகும், இடமாற்றச் சோதனை அதைக் காட்டியும் கொடுக்கும். அது கடைசியில் வர வேண்டிய முடிவு என்பதே என் கட்சி.

இங்கேதான் வலுவான மறுப்பு வருகிறது. செத்த பின்னை விட்டுவிட்டு, காலியாக இருக்கும் ஆறாவது சேனலுக்கு மாற்றிக்கொண்டால் என்ன? டிரான்ஸ்மிட்டரில் அந்த வசதி இருக்கிறதே! மேசைச் சோதனைக்கு அது பரவாயில்லை. பறப்பதற்கு ஒப்புக்கொள்ள முடியாது. பின்னை எரித்த அதிர்ச்சி அந்த ஒரு பின்னோடு நின்றது என்பதற்கு உத்தரவாதமில்லை, எல்லாச் சேனலுக்கும் துடிப்பு அனுப்புவது அதே மைக்ரோகன்ட்ரோலர். ‘அய்லரான் இல்லாவிட்டால் ரட்டரை வைத்து ஓட்டிவிடுவேன்’ என்பதும் இதே வகைத் துணிச்சல். சிக்கிக்கொண்ட ஒரு சிறு சர்வோவே முக்கால் ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். மலிவான ஈ.எஸ்.சி. தரும் 5 வோல்ட் வழங்கல் பல நேரங்களில் 2 ஆம்பியர்தான். மற்ற சர்வோக்களும் ஒன்றாக வேலை செய்யும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து ரிசீவர் அணைந்து மறுபடி தொடங்கும். ஒரு சேனலில் இருந்த பழுது அந்த நொடியில் எல்லாச் சேனலின் பழுதாகிவிடும், அதுவும் நடுவானில்.

விமானம் விழும் இடம் எது என்பது இந்த மாவட்டத்தில் சாதாரணக் கேள்வியல்ல. கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரின் அலை பட்டாசைப் பற்றவைக்கும் என்று சிலர் பயப்படலாம். திரி வைத்த பட்டாசில் அந்தச் சொற்பத் திறனை வாங்கிச் சூடேறும் மின்கம்பி எதுவும் கிடையாது. பயப்பட வேண்டியது நசுங்கிய லைப்போ பேட்டரிக்கு. அது தானே தீப்பிடிக்கக்கூடியது. வெயிலில் மருந்தும் பட்டாசும் காயும் தளங்கள் உள்ள ஊர்களில் அப்படி ஒன்று எங்கே விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; உதவ ஓடிவந்தவர்களும் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. அந்த விபத்துக்கும் மாடல் விமானத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் இந்த மண்ணில் ஒரு பொறி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆகவே மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒரு சேனல் அடங்கிப்போனால் இடமாற்றச் சோதனையைச் செய்யுங்கள், காரணம் கைக்குக் கிடைக்கும்வரை விமானத்தைத் தரையிலேயே வையுங்கள். ரிசீவரின் பின்தான் செத்தது என்று உறுதியானால் அந்த ரிசீவரைப் பறக்கும் விமானத்தில் மறுபடி பொருத்தாதீர்கள். சரிசெய்த பிறகு பறக்கவிடும் இடத்தை 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பாருங்கள். பச்சை மண்டலம் என்று அது காட்டினாலும், பட்டாசு ஆலையும் காயவைக்கும் தளமும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் வேறு மைதானம் தேடிப் போங்கள்.